மலையேறிய சுண்ணாம்பு: பொறியாளர் பென்னிகுயிக் வரலாறு

ஏலமலைச் சாரலின் கீழே, போடிநாயக்கனூர், தேவாரம் பகுதியைச் சேர்ந்த பொட்டிபுரம் போன்ற சிற்றூர்களில், சிமென்ட் பெருகுவதற்கு முன்னர் வீடு கட்ட முனைந்தவர் முதலில் மண்ணைத்தான் தேடிப் போவார். கண்மாய் வற்றிய கோடையில் அதன் அடியில் படிந்த கரம்பை கிடைக்கும். மலையடிவாரத்தில் செம்மண் கிடைக்கும். ஓடையில் மணலும் களத்தில் வைக்கோலும் உண்டு. களி மிகுந்தால் காய்கிற கல் வெடிக்கும். மணல் மிகுந்தால் உதிரும். ஆகவே ஈரமண்ணை உள்ளங்கையில் உருட்டி, அது திரியாக நீள்கிறதா, இடையில் முறிகிறதா என்று பார்த்த பின்னரே கொத்தனார் கலவையின் அளவைச் சொல்வார். நீரூற்றி மிதித்து, வைக்கோல் கலந்து புளிக்கவைத்த மண்ணை மரச்சட்டத்தில் இட்டு அறுத்து வெயிலில் உலர்த்தினால் அதுவே பச்சைக்கல். வீட்டுக்கு வேண்டியவை யாவும் மாட்டுவண்டி ஒரு பொழுதில் போய்த் திரும்பும் தூரத்துக்குள் அடங்கின. சுண்ணாம்பு ஒன்றே விலைகொடுத்து வெளியிலிருந்து வருவிக்க வேண்டிய பொருள். அதனால் அதைச் சிக்கனமாகவே பயன்படுத்தினர்.

அண்ணல் நபி (ஸல்) அவர்கள் கி.பி. 622இல் மதீனா நகருக்குப் பெயர்ந்த பின் எழுப்பிய பள்ளிவாசலும் தொடக்கத்தில் வெயிலில் காய்ந்த பச்சைக்கல்லால் ஆனதே. பேரீச்சமரத்தின் அடிகள் அதற்குத் தூண்களாயின; பேரீச்ச ஓலை கூரையாயிற்று. தோழர்களோடு சேர்ந்து அவர்களும் அக்கல்லைச் சுமந்தார்கள் என்பதை நம் பிள்ளைகள் மதரஸாவிலேயே படித்திருப்பர். மண்ணின் தரத்தையும் அது கிடைக்கும் தூரத்தையும் அறிந்தே பண்டைய கட்டடம் எதுவும் எழுந்தது.

இந்த அறிவு வீட்டளவில் நின்றுவிடவில்லை. கட்டுமிடத்தில் எது கிடைக்கும், எது கிடைக்காது, கிடைக்காததை எவ்வாறு கொணர்வது என்னும் கேள்வியை நம் மாவட்டத்தில் மிகப் பெரிய அளவில் எதிர்கொண்டவர் ஒருவர் உண்டு. அவரே முல்லைப்பெரியாறு அணையைக் கட்டிய ஜான் பென்னிகுயிக். கம்பம் பள்ளத்தாக்கில் அவருடைய படம் இல்லாத ஊர் அரிது. அவர் பெயரைத் தாங்கிய பிள்ளைகளும் கடைகளும் உண்டு. தேனி நகரின் பேருந்து நிலையமே அவர் பெயரால் வழங்குகிறது. ஆனால் அவரைப் பற்றி நம் மேடைகளில் பேசப்படுவதெல்லாம் பெரும்பாலும் அவருடைய ஈகையைப் பற்றியதாகவே இருக்கிறது. அவருடைய தொழிலைப் பற்றி, அதாவது மண்ணையும் கல்லையும் சுண்ணாம்பையும் அவர் தேடிச் சேர்த்த திறத்தைப் பற்றி, நாம் மிகக் குறைவாகவே பேசுகிறோம். அக்குறையைச் சிறிதளவேனும் போக்குவது இக்கட்டுரையின் நோக்கம்.

பென்னிகுயிக் 1841ஆம் ஆண்டு ஜனவரி 15ஆம் நாள் புனே நகரில் பிறந்தார். அவர் தந்தையாரின் பெயரும் ஜான் பென்னிகுயிக் என்பதே. அவர் ஆங்கிலேயப் படையில் உயர் அதிகாரியாக விளங்கியவர். 1849 ஜனவரி 13ஆம் நாள் பஞ்சாபில் சீக்கியருடன் நிகழ்ந்த சிலியன்வாலாப் போரில் தந்தையும், அதே படையில் பணியாற்றிய மகன் அலெக்சாண்டரும் ஒரே நாளில் மாண்டனர். இளைய ஜானுக்கு எட்டு வயது நிறைய அப்போது இரண்டு நாள்களே இருந்தன. தந்தையற்ற பிள்ளையாக இங்கிலாந்தில் வளர்ந்து, செல்ட்டன்ஹாம் கல்லூரியிலும், பின்னர் கிழக்கிந்தியக் கம்பெனி தன் படை அலுவலரைப் பயிற்றுவித்த அடிஸ்கோம்பு பயிற்சிக் கூடத்திலும் பயின்றார். 1858இல் சென்னைப் படைப் பொறியாளர் பிரிவில் அமர்த்தப்பெற்று, 1860இல் இந்தியா வந்து சேர்ந்தார். 1868இல் அபிசீனியப் படையெடுப்பில் பங்கேற்றது நீங்கலாக, அவருடைய உழைப்பின் பெரும்பகுதி சென்னை மாகாணப் பொதுப்பணித் துறைக்கே உரியது. 1879இல் கிரேஸ் ஜார்ஜியானா என்னும் பெருமாட்டியை மணந்தார்.

மேற்கே பாய்ந்து கடலில் வீணாகும் பெரியாற்று நீரைக் கிழக்கே திருப்பி வைகையில் சேர்க்கலாம் என்னும் எண்ணம் அவருக்கு முன்பே பிறந்தது. 1789இல் இராமநாதபுரம் சேதுபதி அரசின் பிரதானியாக இருந்த முத்திருளப்ப பிள்ளை ஆள்களை அனுப்பி மலையை ஆராயச் செய்தார். செலவு மிகுதி என்று அம்முயற்சி நின்றது. 1808இல் ஆராய்ந்த ஜேம்ஸ் கால்டுவெல் என்னும் ஆங்கிலேய அதிகாரி இது பயன்தராது என்று எழுதிவிட்டார். 1850இல் தொடங்கிய சிறிய வேலை காய்ச்சலால் கைவிடப்பட்டது. 1867இல் மேஜர் ரைவ்ஸ் என்பவர் விரிவான திட்டம் ஒன்றை அளித்தார். அவர் கட்ட நினைத்தது மண் அணை.

மண் அணை என்றதும் எளிது என்று எண்ணிவிடல் ஆகாது. நம் முன்னோர் கட்டிய கண்மாய்க் கரைகள் யாவும் மண் அணைகளே. கரையின் நடுவே நீர் கசியாத களிமண் வேண்டும். இருபுறமும் அதைத் தாங்கும் கனத்த மண் வேண்டும். அடுக்கடுக்காகக் கொட்டி நீர் தெளித்து மிதித்து இறுக்க வேண்டும். இவ்வளவும் செய்தாலும், நீர் ஒருமுறை கரையின் மேல் வழிந்துவிட்டால் சில மணி நேரத்தில் கரை அறுந்துபோகும். கண்மாயைக் கோடையில் வற்றவைத்துக் கரை கட்டலாம். பெரியாறோ பெருமழைக் காட்டின் நடுவே குறுகிய பள்ளத்தாக்கில் இரைந்து வரும் ஆறு. கட்டி முடியுமுன் ஒரு வெள்ளம் வந்தால், அதுவரை கொட்டிய மண் முழுவதும் கீழே போய்விடும். ஆற்றை ஒதுக்கிவைக்க இடமும் இல்லை, காலமும் இல்லை.

தாது வருடப் பஞ்சம் என்று நம் பாட்டன்மார் நினைவில் நின்ற 1876 முதல் 1878 வரையான கொடும் பஞ்சம் வந்து, மதுரை, இராமநாதபுரம் சீமைகளின் மக்கள் பசியால் மடிந்தபோதுதான் அரசின் பார்வை மீண்டும் பெரியாற்றின் பக்கம் திரும்பியது. திட்டத்தைத் திருத்தி எழுதும் பொறுப்பு பென்னிகுயிக்கிடம் வந்தது. அவர் சமர்ப்பித்த திட்டத்தில் மண் அணை இல்லை. வெளிமுகங்களில் கல்லும் சுண்ணச் சாந்தும், உள்ளே சுண்ணாம்புக் கான்கிரீட்டும் கொண்டு, தன் எடையாலேயே நீரைத் தாங்கி நிற்கும் அணையை அவர் வரைந்தார். இத்தகைய அணை பாதி உயரத்தில் இருக்கும்போது வெள்ளம் அதன் தலைமேல் ஏறிப் பாய்ந்தாலும் நின்றுவிடும். அவருடைய அறிவின் முதல் அடையாளம் இத்தேர்வே என்பது என் கருத்து. 1886 அக்டோபர் 29ஆம் நாள் திருவிதாங்கூர் அரசுடன் 999 ஆண்டுக் குத்தகை கையெழுத்தாகி, 8,000 ஏக்கர் நிலம், ஏக்கருக்கு ஐந்து ரூபாய் வாடகையில் பெறப்பட்டது. 1887இல் வேலை தொடங்கியது.

இனிப் பொருள்களைக் காண்போம். இன்று எவரும் சிமென்ட்டை நினைப்பர். அன்று போர்ட்லாண்டு சிமென்ட் இங்கிலாந்திலிருந்து பீப்பாய்களில் கப்பலேறி வர வேண்டும். இந்தியாவில் அதைச் செய்யும் முயற்சி 1904இல்தான் சென்னையில் நடந்தது. நிலையான உற்பத்தி 1914இல் போர்பந்தரில் தொடங்கியது. ஆகவே அவருக்கு வாய்த்த பசை சுண்ணாம்பே. ஆனால் வெறும் சுண்ணாம்பு காற்றுப் பட்டால்தான் இறுகும். நூறு அடிக்கு மேல் தடித்த கட்டுமானத்தின் வயிற்றுக்குள், அதுவும் நீர் ஊறும் இடத்தில், காற்று எங்ஙனம் புகும்? இக்குறையைத் தீர்ப்பது சுர்க்கி.

சுர்க்கி என்னும் சொல் சிவப்பைக் குறிக்கும் சுர்க் என்ற பாரசீகச் சொல்லின் வழிவந்தது. மொகலாயர் காலக் கட்டடங்கள் பலவற்றில் கல்லைப் பிணைத்தது சுண்ணாம்பும் சுர்க்கியும் கலந்த சாந்தே. நல்ல களிமண்ணை வெட்டிக் கல்லாக அறுத்துச் சூளையில் சுட்டு, அதை மாவாக அரைத்தால் சுர்க்கி. மணல் மிகுந்த மண் இதற்கு உதவாது. களி மிகுந்த மண்ணே வேண்டும். சூடும் அளவோடு இருக்க வேண்டும். மண் வேகாமலிருந்தால் வெறும் புழுதி. அளவுக்கு மீறிக் கருகினால் அது சுண்ணாம்போடு சேர்ந்து வினைபுரியும் ஆற்றலை இழந்துவிடும். சரியாகச் சுட்ட மண்மாவு சுண்ணாம்போடும் நீரோடும் கலந்தால், காற்றில்லாத இடத்திலும், நீருக்கு அடியிலும்கூட, மெல்ல மெல்ல இறுகிக் கல்லாகும். உரோமர் எரிமலைச் சாம்பலைக் கொண்டு பெற்ற பயனை நம் நாட்டுக் கொத்தர் சுட்ட களிமண்ணைக் கொண்டு பெற்றனர் எனலாம். பச்சைக்கல் வீட்டின் அதே மண், தீயில் ஒருமுறை புகுந்து வெளிவந்து அணைக்குள் சென்றது.

(பதநீர், கடுக்காய், முட்டை வெள்ளைக்கரு முதலியவற்றைச் சேர்த்ததால்தான் அணை நிற்கிறது என்று சிலர் பேசக் கேட்கிறோம். அவை வீட்டுச் சாந்துக்கு மெருகும் உறுதியும் தருவன என்பதில் ஐயமில்லை. அணை நிற்பதற்குக் காரணம் காட்ட அவற்றைத் தேடிப் போக வேண்டியதில்லை. சுண்ணாம்பும் சுர்க்கியும் போதும்.)

கல்லுக்குக் குறைவில்லை. பொட்டிபுரத்து மேற்கு மலையைப் பார்த்தவர்க்கு இம்மலைத் தொடரின் பாறை எத்தகையது என்று சொல்ல வேண்டுவதில்லை. அணை கட்டிய இடத்துப் பக்கங்களிலேயே கல்லை உடைத்துக்கொள்ளலாம். ஆனால் ஏலமும் தேக்கும் வளரும் அந்தக் காட்டில் கிடைக்காத பொருள் சுண்ணாம்புக் கல். அது கீழே, கம்பம் பள்ளத்தாக்கின் தென்கோடியில், இன்றைய லோயர் கேம்ப்பை அடுத்த குருவனூத்துப் பகுதியில் கிடைத்தது. அணையோ கடல்மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய 3,000 அடி உயரத்தில், நடுக்காட்டில். இடையில் செங்குத்தான மலைச்சரிவு. வண்டிமாடு இழுத்து ஏறினால் மாடு தின்னும் தீவனத்தையும் சேர்த்து ஏற்ற வேண்டும். சுட்ட சுண்ணாம்போ காற்றின் ஈரத்திலேயே நீறிவிடும் இயல்புடையது. மழைக்காட்டில் அதைக் காப்பதே பெரும்பாடு.

பென்னிகுயிக் கண்ட வழி இரும்பு வடக் கம்பி. அடிவாரத்திலிருந்து தேக்கடி மேட்டுக்கு வானத்தில் கம்பிவடம் இழுத்து, அதில் தொங்கும் தொட்டிகளில் பொருள்கள் ஏறின. பிற்காலத்தில் மூணாற்றுத் தேயிலைப் பெட்டிகளை டாப் ஸ்டேஷனிலிருந்து கொட்டகுடிக்கு இறக்கிய கம்பிவடத்தைப் பற்றிப் போடி வட்டாரத்துப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்போம். அது இறக்கிய கம்பி. இது ஏற்றிய கம்பி. தேக்கடியிலிருந்து அணைவரையிலும் காட்டுத் தடத்திலும் படகிலுமாகப் பயணம் தொடர்ந்தது. ஓர் அணையின் வரைபடத்தைப் போடுவதற்குக் கல்வி போதும். ஒவ்வொரு மூட்டைச் சுண்ணாம்பும் எங்கே தோன்றி, எத்தனை கை மாறி, எந்த மழைக்கு முன் போய்ச் சேரும் என்று கணக்கிடுவதற்கு வேறொரு பொறுமை வேண்டும். அப்பொறுமை அவரிடம் இருந்தது.

மற்றவை நாம் அறிந்தவையே. சுருக்கமாகச் சொல்லிச் செல்கிறேன். ஆற்றைத் தடுக்கக் கட்டிய தற்காலிகத் தடுப்புகளை வெள்ளம் மீண்டும் மீண்டும் அடித்துச் சென்றது. மழையும் காய்ச்சலும் ஆண்டின் பல மாதங்களை விழுங்கின. சென்னைப் பயனியர் படையின் முதலாம், நான்காம் பிரிவினரும், கொச்சியிலிருந்து வந்த போர்த்துக்கேய வழித் தச்சரும், பள்ளத்தாக்கின் கூலி மக்களும் உழைத்தனர். நோயால் மட்டும் 483 பேர் இறந்து, அணைக்கு வடக்கே அடக்கம் செய்யப்பட்டனர். மண்ணைச் சுட்டவர், கல்லை உடைத்தவர், சாந்து சுமந்தவர் எனப் பலரும் அவர்களுள் இருந்திருப்பர். பென்னிகுயிக்கைப் போற்றும் விழாக்களில் அவர்களுக்காகவும் ஒரு கணம் கையேந்தினால் நன்று.

1895 அக்டோபர் 10ஆம் நாள் சென்னை ஆளுநர் வென்லாக் பிரபு நீரைத் திறந்துவைத்தார். ஆற்றுப் படுகைக்கு மேல் 155 அடி உயரமும், 1,200 அடிக்கு மேற்பட்ட நீளமும் உடையது அணை. அங்கிருந்து நீர் 5,704 அடி நீளச் சுரங்கத்தின் வழியே மலையைக் குடைந்துகொண்டு கிழக்கே இறங்கியது. கம்பம் பள்ளத்தாக்கு இருபோக நிலமாயிற்று. வைகையின் வழி மதுரைச் சீமை நெல் கண்டது. பொட்டிபுரம், தேவாரம் பகுதியோ மேட்டு நிலம். அந்த நீர் தானாக அங்கே ஏறாது. பிற்காலத்தில் லோயர் கேம்ப் பக்கமிருந்து வெட்டப்பட்ட 18ஆம் கால்வாய்தான் போடி வட்டாரக் கண்மாய்களை நோக்கிப் பெரியாற்று நீரைக் கொண்டுவந்தது.

இவ்விடத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அரசு பணம் தர மறுத்ததாகவும், பென்னிகுயிக் இங்கிலாந்தில் இருந்த சொத்தையும் மனைவியின் நகைகளையும் விற்று அணையை முடித்ததாகவும் நம்மிடையே ஒரு கதை உலவுகிறது. அது செவிவழிச் செய்தி. திட்டச் செலவைச் சென்னை மாகாண அரசு ஏற்றது என்பதே ஆவணவழி நிற்கும் உண்மை. நன்றியுள்ள மக்கள் தம் அன்பைக் கதையாக வளர்ப்பது உலக இயல்பு. அதை யாரும் பழிக்க வேண்டா. ஆயினும் தமிழ்த்துறை மாணவர் கதை எது, வரலாறு எது என்று பிரித்தறியும் கடமை உடையவர். நகை விற்ற கதை பொய்யாகவே போனாலும் அவர் புகழில் ஓர் அணுவும் குறையாது. குருவனூத்துச் சுண்ணாம்புக் கல் மலையேறிய வரலாறு அந்தக் கதையைக் காட்டிலும் வியப்புக்குரியது; அது உண்மையும்கூட.

1896இல் இந்தியப் பணியிலிருந்து விலகிய அவர், 1899 வரை இங்கிலாந்தின் கூப்பர்ஸ் ஹில் பொறியியல் கல்லூரியின் தலைவராக விளங்கினார். 1897இல் லண்டன் கட்டடப் பொறியாளர் கழகத்தின் வெளியீட்டில் பெரியாற்றுத் திட்டத்தைப் பற்றி விரிவான கட்டுரை எழுதினார். 1911 மார்ச் 9ஆம் நாள் கேம்பர்லி என்னும் ஊரில் காலமானார். அருகிலுள்ள ஃபிரிம்லி தேவாலயத்து வளாகத்தில் அடக்கம் செய்யப்பட்டார். தமிழ்நாடு அரசு 2013 ஜனவரி 15இல் லோயர் கேம்ப்பில் அவருக்கு மணிமண்டபம் திறந்தது. 2022இல் கேம்பர்லியிலும் சிலை எழுந்தது. அவர் பிறந்த நாளும் பொங்கலும் சேர்ந்துவருவதால், பாலார்பட்டி போன்ற ஊர்களில் அவர் படத்தின் முன் பொங்கல் வைக்கும் வழக்கம் நிலைபெற்றுள்ளது.

அவர் தேர்ந்த பொருளைப் பற்றிய வழக்கு நூறாண்டு கடந்தும் ஓயவில்லை. கசியும் நீர் சுண்ணாம்பைச் சிறிது சிறிதாகக் கரைத்துச் செல்கிறது, ஆகவே அணை வலுவிழந்தது என்பது ஒரு சாராரின் அச்சம். அணைக்குக் கீழே வாழும் மக்களின் அச்சத்தை நாம் எளிதாகத் தள்ளிவிடுதல் முறையன்று. அவ்வச்சத்தின் பொருட்டே 1979க்குப் பின் அணையின் தலைமேல் கான்கிரீட் தொப்பி இடப்பட்டது. இரும்பு வடங்கள் செங்குத்தாக இறக்கப்பட்டுப் பாறையோடு பிணைக்கப்பட்டன. பின்புறம் கான்கிரீட் தாங்கு சுவர் சேர்க்கப்பட்டது. இவற்றையெல்லாம் ஆராய்ந்து, 2006இலும், பின்னர் 2014 மே 7ஆம் நாளும் உச்ச நீதிமன்றம் 142 அடி வரை நீரைத் தேக்கலாம் என்று தீர்ப்பளித்தது.

எனினும் எந்தக் கட்டடமும் பராமரிப்பின்றி நில்லாது. மண்வீட்டுக்கு ஆண்டுதோறும் சாணமும் செம்மண்ணும் கொண்டு பூச வேண்டும். அணைக்கும் அதுவே விதி. பராமரிப்பு என்றால் மீண்டும் பொருள் மலையேற வேண்டும். 2024 டிசம்பரில் அணையின் பராமரிப்புக்காகத் தமிழ்நாட்டிலிருந்து கட்டுமானப் பொருள் ஏற்றிச்சென்ற லாரிகள் வல்லக்கடவு சோதனைச் சாவடியில் கேரள வனத்துறையினரால் நிறுத்தப்பட்டன. தேனி மாவட்ட விவசாயிகள் போராடினர். சில நாள்களில் கேரள அரசு நிபந்தனைகளோடு அனுமதி அளித்தது. லாரிகள் காட்டுப் பாதையில் ஏறிச் சென்றன.